ஐந்து நட்சத்திரமும் 12 மீட்டர் ஆழமும்

விடுமுறைக்குப் போகிற இடத்தில் ஸ்கூபா டைவிங்குக்கு நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இணையத்தில் தேடினால், எல்லாக் கட்டுரைகளும் ஏறக்குறைய ஒரே மூன்று வரியைத்தான் சொல்கின்றன. ரிவ்யூ படியுங்கள். சர்டிஃபிகேட் இருக்கிறதா என்று பாருங்கள். உபகரணங்களைச் சரிபாருங்கள். ஜனவரியில் குடும்பத்தோடு ஹேவ்லாக் (2018 கடைசியிலிருந்து ஸ்வராஜ் தீவு) போவதென்று முடிவானதும் நானும் இந்த மாதிரிக் கட்டுரைகளை வரிசையாகப் படித்தேன். மகளுக்குப் பதினான்கு வயது. கடலுக்கு அடியில் போயே தீருவேன் என்று நின்றாள். இதைப் படகுச் சவாரி மாதிரி இன்னொரு ஐட்டமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. 12 மீட்டர் ஆழத்தில் அவள் கடித்துக்கொண்டிருக்கும் அந்த ரப்பர் துண்டிலிருந்து சுத்தமான காற்று வர வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஆள் மீனையோ கேமராவையோ பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் முன்பின் தெரியாத யாரையோ நம்பப்போகிறேன். எதை வைத்து நம்புவது?

மேலே சொன்ன மூன்று அறிவுரைகளும் தப்பு என்று சொல்ல வரவில்லை. வழக்கமாகச் சொல்லப்படுகிற விதத்தில் அவை எதையும் அளப்பதில்லை என்பதுதான் என் விமர்சனம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரிவ்யூ எதை அளக்கிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். "அ" கடையில் 1,00,000 டைவுக்கு ஒரு மரணம். "ஆ" கடை பத்து மடங்கு மோசம், அங்கே 10,000 டைவுக்கு ஒன்று. (இவை என் கற்பனை எண்கள், கணக்குக்காக மட்டும்.) இரண்டு கடைக்கும் ஆளுக்கு 500 ரிவ்யூ இருக்கிறது. அந்த 500 டைவிலும் ஒரு மரணமும் நடக்காமல் இருப்பதற்கான வாய்ப்பு "அ" கடைக்கு 99.5 சதவீதம், "ஆ" கடைக்கு 95 சதவீதம். அதாவது பத்து மடங்கு ஆபத்தான கடையும் இருபதில் பத்தொன்பது தடவை அப்பழுக்கில்லாத பெயரோடுதான் நம் திரையில் தெரியும்.

புள்ளியியலில் இதற்கு "மூன்றின் விதி" என்று ஒரு சுருக்குவழி உண்டு. n தடவை செய்து ஒரு தடவைகூடத் தப்பு நடக்கவில்லை என்றால், 95 சதவீத உறுதியோடு நாம் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: ஆபத்தின் அளவு 3/n-ஐ விடக் குறைவு. 500 நல்ல ரிவ்யூ நிரூபிப்பது, ஆபத்து 167-ல் ஒன்றைவிடக் குறைவு என்பதை மட்டும்தான். 167-ல் ஒன்று என்றால் நான் என் மகளை முழங்கால் ஆழத்துக்கே இறக்க மாட்டேன். "ஆ" கடை மாதிரி ஒன்றை இந்த வழியில் ஒதுக்கித்தள்ள வேண்டுமானால் விபத்தே இல்லாத 30,000 டைவின் பதிவு வேண்டும்.

சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். புரொடக்‌ஷனில் ஆறு மாதம் விழவில்லை என்பதால் ஒரு சிஸ்டம் நன்றாகக் கட்டப்பட்டது என்று ஆகிவிடாது. பேக்கப் எடுக்காத சர்வரும் டிஸ்க் போகிற நாள் வரை பேக்கப் எடுத்த சர்வர் மாதிரியே ஓடிக்கொண்டிருக்கும். நாசாவின் சேலஞ்சர் விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வான் 1996-ல் வந்த தன் நூலில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார். விதியைக் கொஞ்சம் மீறுகிறோம், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் மீறுகிறோம், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. நாளடைவில் மீறலே வழக்கமாகிவிடுகிறது. ஒன்றும் ஆகாத அத்தனை நாட்களுக்கும் வாடிக்கையாளர் ஐந்து நட்சத்திரம்தான் கொடுத்திருப்பார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2019 செப்டம்பர் 2-ம் தேதி அதிகாலையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவுக்கு அருகே கான்செப்ஷன் என்ற டைவிங் கப்பல் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலை நடத்தியவர்கள் டைவர்கள் மத்தியில் மிக நல்ல பெயர் எடுத்தவர்கள். கடலோரக் காவல்படையின் பரிசோதனையிலும் கப்பல் தேறியிருந்தது. ஆனால் ராத்திரி எல்லோரும் தூங்கும்போது ஒருவர் விழித்திருந்து சுற்றி வர வேண்டும் என்ற விதி அங்கே பின்பற்றப்படவில்லை. விசாரணை அமைப்பு இதைத்தான் முக்கியக் குறையாகச் சொன்னது. கேப்டன் பின்னர் தண்டிக்கப்பட்டார். அதற்கு முன் அந்தக் கப்பலில் போய்வந்தவர்கள், ராத்திரி காவலுக்கு ஆள் இல்லை என்று எப்படி ரிவ்யூ எழுதியிருக்க முடியும்? அவர்களும் தூங்கிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்!

தலைகீழாகப் படித்தால்

அப்படியென்றால் ரிவ்யூக்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வேண்டாம். நட்சத்திரத்தை விட்டுவிட்டு வாக்கியத்தைப் படித்தால் விஷயம் கிடைக்கிறது.

சில நாள் ராத்திரிகளில் ஹேவ்லாக், கோவா, புதுச்சேரிக் கடைகளின் ரிவ்யூக்களை ஒரு ஷீட்டில் போட்டு வகை பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவை பேசுவது இன்ஸ்ட்ரக்டர் எவ்வளவு சிரித்த முகம், வீடியோ எவ்வளவு தெளிவு, என்ன மீன் பார்த்தோம், மதியச் சாப்பாடு எப்படி என்பதைத்தான். பாதுகாப்பைப் பற்றி வருவது "ரொம்ப சேஃப்பாக உணர்ந்தேன்" என்ற வரி. உணர்ந்தது சரி. பாதுகாப்பாக இருந்ததா என்பது வேறு கேள்வி. முதல் தடவை இறங்குகிறவருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

நான் கவனித்த சுவாரசியம் இதுதான். சில ஐந்து நட்சத்திர ரிவ்யூக்கள் தங்களை அறியாமலே கடையைக் காட்டிக்கொடுக்கின்றன. ஃபார்ம் கீர்ம் என்று எந்தத் தொல்லையும் இல்லை, நேராகத் தண்ணீருக்குள் கூட்டிப்போய்விட்டார்கள் என்று ஒருவர் சந்தோஷப்படுகிறார். கடல் கொந்தளிப்பாக இருந்தும் எங்களுக்காகப் போனார்கள் என்று இன்னொருவர் நன்றி சொல்கிறார். இரண்டும் எனக்குச் சிவப்பு விளக்கு. மறுபக்கம், ஒரு நட்சத்திரக் கோபங்களில் தங்கம் இருக்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எழுதியதும் டாக்டர் கடிதம் கேட்டு இறக்க மறுத்துவிட்டார்கள், காற்று அதிகம் என்று காலையில் டிரிப்பை ரத்து செய்து எங்கள் பிளானையே கெடுத்துவிட்டார்கள் என்கிற மாதிரிப் புகார்கள். நான் படித்ததில் கடைக்கான ஆகச்சிறந்த சிபாரிசு இந்தப் புகார்கள்தான்.

இரண்டு, மூன்று நட்சத்திரக்காரர்களையும் விடாமல் படிக்க வேண்டும். கோபமும் பூரிப்பும் இல்லாமல் நடந்ததைச் சொல்கிறவர்கள் அவர்கள். "கிளம்பும்போது அவசரப்படுத்தினார்கள்", "ஒரே ஆள் எங்கள் ஆறு பேரையும் பார்த்துக்கொண்டார்" என்கிற மாதிரி விவரம் அங்கேதான் வரும்.

சுவரில் மாட்டிய பலகை

அடுத்தது சர்டிஃபிகேட். இங்கே நம் ஆட்கள் தெரியாமல் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய பாடி, 1970-ல் வந்த எஸ்எஸ்ஐ போன்றவை பயிற்சி நிறுவனங்கள். பாடத்திட்டம் வகுப்பது, இன்ஸ்ட்ரக்டர்களுக்குத் தகுதி கொடுப்பது அவற்றின் வேலை. அவை அரசாங்கம் இல்லை. தினமும் காலையில் உங்கள் படகில் வந்து நின்று எண்ணிப் பார்ப்பதும் இல்லை. "பாடி 5 ஸ்டார்" என்ற பலகையில் இருக்கிற நட்சத்திரம் வாடிக்கையாளர் கொடுத்த மதிப்பெண்ணும் இல்லை. அது அந்த நிறுவனத்தின் உறுப்பினர் படிநிலைகளில் ஒன்று. அதற்கும் நிபந்தனைகள் உண்டு, சும்மா கொடுத்துவிட மாட்டார்கள். ஆனாலும் கடைக்குக் கிடைத்த பலகை இன்றைக்கு உங்களோடு இறங்குகிற ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்தத் தகுதியெல்லாம் ஆளுக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. ஆகவே கேட்க வேண்டியது "உங்கள் கடைக்கு சர்டிஃபிகேட் உண்டா?" என்பதை அல்ல. "நாளைக்கு எங்களோடு இறங்கப்போவது யார், அவர் இன்ஸ்ட்ரக்டரா டைவ்மாஸ்டரா, அவருடைய நம்பர் என்ன?" என்று கேட்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டர்கள் வருடா வருடம் உறுப்பினர் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். நம்பர் இருந்தால் பயிற்சி நிறுவனத்தின் தளத்திலேயே நிலவரத்தைச் சரிபார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

பலகையைவிட அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிற விதிகளைத் தெரிந்துகொண்டு போவது பயன் தரும். நீச்சல்கூடச் சரியாகத் தெரியாத சுற்றுலாப் பயணிகளுக்கான அறிமுக டைவில் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. திறந்த கடலில் ஒரு இன்ஸ்ட்ரக்டரிடம் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தமானில் பல கடைகள் ஆளுக்கு ஓர் ஆள் என்றே கூட்டிப்போகின்றன, நல்ல வழக்கம். ஆழத்துக்குப் போகும் முன் ஆழமில்லாத தண்ணீரில் முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றுவது, வாயிலிருந்து விழுந்த ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது ஆகியவற்றைச் செய்துபார்க்க வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு "நீங்க சும்மா இருங்க சார், நாங்க பிடிச்சுக்கிட்டுப் போறோம்" என்றால் யோசிக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. 12 மீட்டரில் 2.2 மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு பயத்தில் ஒருவர் மேலே ஏறினால், அந்தக் காற்று நுரையீரலுக்குள் 2.2 மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும். தரையில் பயந்தால் நாம் இயல்பாக மூச்சைப் பிடித்துக்கொள்வோம். கடலுக்குள் அந்த இயல்பே ஆளைக் கொல்லும். இதைக் கரையில் இருக்கும்போதே புரியும்படி சொல்லித்தராத இன்ஸ்ட்ரக்டர் எவ்வளவு சிரித்த முகமாக இருந்தும் என்ன பயன்?

"உபகரணங்களைச் சரிபாருங்கள்"

மூன்றில் இதுதான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டிய அறிவுரை. வாழ்நாளில் ரெகுலேட்டரையே பார்த்திராத ஒருவர் எதைச் சரிபார்ப்பார்? பெயிண்ட் புதிதாக இருக்கிறதா என்றா? புதிய ஆளாலும் செய்ய முடிந்தவை சில உண்டு. அவற்றைச் சொன்னால் உதவும்.

ஒன்று, காற்று. டைவர் மரணங்கள் 947-ஐ ஆராய்ந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு 2008-ல் வெளிவந்தது. காரணம் கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதத்துக்குத் தொடக்கப்புள்ளி சுறாவோ புயலோ இல்லை, சிலிண்டரில் காற்று போதாமல் போனது. ஆகவே பிரஷர் கேஜை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள். நிறைந்த சிலிண்டர் சுமார் 200 பார் காட்டும். படகிலேயே ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுங்கள், இழுக்கும்போது முள்ளைப் பாருங்கள். முள் ஆடக் கூடாது. மூச்சுக்கு மூச்சு இறங்கி ஏறினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். எண்ணெய் வாடை வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம்.

இரண்டு, அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ஐரோப்பியத் தரமான இஎன் 12021 பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்கிறது. ஆழம் போகப்போக அதன் தாக்கமும் அழுத்தத்தோடு பெருகும். கம்ப்ரஸர் காற்று இழுக்கிற குழாய் டீசல் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் பெருமையாகக் காட்டுவார்.

மூன்று, ஆக்ஸிஜன். "ஆக்ஸிஜன் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்கு சார்" என்பார்கள். "படகில் எங்கே வைத்திருக்கிறீர்கள், ஒரு தடவை திறந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். மாஸ்க் எங்கே, சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

நான்கு, அதன் பிறகு என்ன. அழுத்தத்தால் வரும் நோய்க்கு ரீகம்ப்ரஷன் சேம்பரில் வைத்துத்தான் சிகிச்சை. அந்தமானில் அது போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) கடற்படையின் தன்வந்தரி மருத்துவமனையில் இருக்கிறது. ஹேவ்லாக்கிலிருந்து கப்பலில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம். சாயங்காலக் கடைசிக் கப்பல் போன பிறகு ஏதாவது ஆனால் யாருக்கு போன் செய்வீர்கள் என்ற கேள்விக்குக் கடைக்காரரிடம் யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

ஐந்து, தலை எண்ணுவது. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. உடல்கள் கிடைக்கவே இல்லை. எண்ணிக்கையில் வந்த பிழை. அதன் பின் குயின்ஸ்லாந்தில் எண்ணிக்கை, பதிவேடு பற்றிய விதிகள் இறுகின. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, டிக் அடித்து, அதன் பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்கிற படகில் ஏறுங்கள். காசு கொடுத்து வாங்க முடியாத, ஒரு பென்சிலால் செய்ய முடிந்த பாதுகாப்பு அது.

மறுக்கத் தெரிந்தவர்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பொருளாதாரம்தான் இருக்கிறது. சுற்றுலாப் பயணி ஒரு தடவைதான் வருவார். படகுக்கு டீசல் போட்டாயிற்று. டிரிப்பை ரத்து செய்தால் காசும் நஷ்டம், ரிவ்யூவும் நஷ்டம். கடைக்காரர் கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை. "சரி, போய்த்தான் பார்ப்போமே" என்று சொல்வதற்கான காரணங்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்திருக்கின்றன.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், படகில் நின்று கயிறு பிடிப்பவர் குளிப்பவரின் மச்சானாக இருப்பார் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்லுவார்கள். கயிற்றை விட்டால் தாலி இழப்பது கூடப்பிறந்தவள் ஆயிற்றே! எவ்வளவு தூரம் வரலாறு, எவ்வளவு தூரம் கதை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதில் இருக்கிற கணக்கு தெளிவானது. கீழே இருப்பவருக்கு ஏதாவது ஆனால் மேலே இருப்பவருக்கும் வலிக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த நமக்கு அங்கே மச்சான் கிடையாது. நமக்காகத் தன் காசை இழக்கத் தயாராக இருக்கிறாரா என்பதை மட்டும்தான் பார்க்க முடியும்.

இதைச் சோதிக்க நான் ஒரு வழி செய்தேன். ஐந்து கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி அனுப்பினேன். "மகளுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது மருந்து எதுவும் இல்லை, டைவ் செய்யலாமா?" உண்மையும் அதுதான். இரண்டு கடைகள் "நோ ப்ராப்ளம் சார்" என்றன. ஒரு கடை ரேட் கார்டை அனுப்பியது, அதில் வீடியோவுடன் ஒரு விலை, வீடியோ இல்லாமல் ஒரு விலை. ஒரு கடையிலிருந்து பதிலே இல்லை. ஐந்தாவது கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கடைசியாக எப்போது வந்தது, ஓடினால் மூச்சு வாங்குமா என்று கேட்டுவிட்டு மெடிக்கல் ஃபார்மை அனுப்பினார். (2020-ல் திருத்தி வெளியிட்ட சர்வதேசப் படிவம். முதல் பக்கத்தில் பத்தே கேள்விகள். 45 வயது தாண்டியவர்களுக்கும் அதில் தனிக் கேள்வி உண்டு, அப்பாக்கள் கவனிக்க.) "சார், டாக்டர் கையெழுத்து இல்லாம நான் இறக்க மாட்டேன். வேணும்னா ஸ்நார்க்லிங் பண்ணலாம். முன்பணம் இப்ப அனுப்பாதீங்க" என்றார்.

கடைசி வாக்கியத்தில் நான் தேர்ந்தெடுத்துவிட்டேன். ரேட்டிங்கில் அந்தக் கடை ஐந்தில் நான்காவது இடம்.

ஐந்து கடை என்பது ஆய்வு ஆகாது. ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பதில் சொல்வதில் கடைக்கு ஒரு விலை இருக்கிறது. "ஆக்ஸிஜன் இருக்கு" என்று சொல்ல விலை இல்லை, ஆகவே எல்லோரும் சொல்வார்கள். "உங்களை இறக்க மாட்டேன்" என்று சொன்னால் அன்றைய வருமானம் போகும், ஆகவே நிஜமாக அக்கறை உள்ளவர்தான் சொல்வார். உங்களுக்கு எந்த நோயும் இல்லையென்றால் வேறு மாதிரிக் கேளுங்கள். "கடைசியாக எப்போது டிரிப்பை ரத்து செய்தீர்கள்? ஏன்? காசைத் திருப்பிக் கொடுத்தீர்களா?" ரத்தே செய்ததில்லை என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். "மறுநாள் மதியம் ஃபிளைட், காலையில் டைவ் செய்யலாமா?" என்பதும் நல்ல கேள்வி. ஒரே ஒரு டைவுக்குப் பிறகே குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பிறகு 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. நேரத்தை எண்ணிப் பார்க்காமல் சரி என்பவர் மற்ற எதையும் எண்ண மாட்டார்.

இவ்வளவு பயம் தேவையா?

தேவையில்லை என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அந்த அமைப்பின் காப்பீடு பெற்ற டைவர்களில் ஆண்டுக்கு 1,00,000 பேருக்குச் சுமார் 16 பேர் இறந்ததாக ஒரு கணக்கு உண்டு. அவர்கள் அடிக்கடி டைவ் செய்கிறவர்கள். ஒற்றை டைவ் என்று பார்த்தால் ஆபத்து இன்னும் சிறியது, நம் நெடுஞ்சாலையில் காரில் போவதை யோசித்தால் இது எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. எண் சரிதான். ஆனால் அது எல்லாக் கடைகளையும் எல்லா ஆட்களையும் சேர்த்துக் கலந்த சராசரி. நான் சராசரிக் கடையில் இறங்கப்போவதில்லை, ஒரு குறிப்பிட்ட காலையில் ஒரு குறிப்பிட்ட படகில் ஏறப்போகிறேன். சராசரி நல்லதாக இருப்பதற்குக் காரணமே அந்தச் சலிப்பூட்டும் ஃபார்ம்களையும் பென்சில் டிக்குகளையும் பிடிவாதமாகச் செய்கிறவர்கள்தான். அவர்கள் சம்பாதித்துக் கொடுத்த சராசரியில் மற்றவர்கள் ஓசியில் பயணம் செய்கிறார்கள்.

பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் ஒவ்வொரு ஆண்டும் டைவிங் சம்பவங்களைத் தொகுத்து அறிக்கை வெளியிடுகிறது. மரணங்கள் மட்டுமில்லை, காற்று தீர்ந்தது, துணையைத் தொலைத்தது, வேகமாக மேலே வந்தது என்று தப்பித்த கதைகளும் அதில் உண்டு. இந்தியக் கடல்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அது வரும்வரை நம்மிடம் இருக்கிற சிறந்த கருவி நட்சத்திரம் இல்லை, கேள்விதான். கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் மிச்சத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.